கொடைக்கானல்: குழந்தைகளுக்காக ஏறிய மலை



கொடைக்கானல் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஏரி, படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட். காலேஜ் டூர் போய் வந்தவர்கள் குணா குகையையும் சேர்த்துக்கொள்வார்கள். "இந்த ஊர் எதுக்காக உருவாச்சு?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் வெயில் தாங்காம மேலே போய் உட்கார்ந்தான்" என்று சொல்லிவிடுவோம். அது பாதிதான் சரி. முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை, அமெரிக்கர்கள். அவர்களை மேலே துரத்தியதும் வெறும் வெயில் இல்லை, சாவு. தங்கள் சாவும், தங்கள் குழந்தைகளின் சாவும்.

குழந்தை வளர்ப்பு, குழந்தைகளுக்கான செவிலியர் பணி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோது இந்தக் கதையில் வந்து நின்றேன். பழனி மலையையும் அதன் அடிவாரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது என்பதற்கு மனிதர்கள் வைத்திருந்த இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, குழந்தையை நல்ல இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது. இன்னொன்று, குழந்தை இருக்கும் இடத்துக்கு ஆள் போவது. இந்தப் பதிவு அந்த இரண்டு வழிகளைப் பற்றியது.

முதல் வழி: தூக்கிக்கொண்டு ஏறுவது

1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளந்து வரைபடம் போட்டார். அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இதற்கிடையில் 1834-இல், யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இருந்த அமெரிக்க மிஷன் மதுரையில் ஒரு கிளை ஆரம்பித்தது. வந்தவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு, இங்கே வந்து பெற்றவர்களும் உண்டு. காலராவும் காய்ச்சலும் பெரியவர், சிறியவர் என்று பார்க்கவில்லை. பத்து வருடத்துக்குள் அந்தச் சின்னக் கூட்டத்தில் பல சவப்பெட்டிகள்.

முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. சிறுமலை அவ்வளவு உயரம் இல்லை. பிறகுதான் பழனி மலை. 1845-இல் இரண்டு வீடுகள் எழுந்தன. ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றது ஷெல்டன். கொடைக்கானல் என்ற ஊரின் ஆரம்பம் இந்த இரண்டு வீடுகள்தான்.

அப்போது மேலே போக ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பெண்களும் குழந்தைகளும் டோலியில் போவார்கள். டோலியைச் சுமந்தவர்கள் நம்ம ஊர்க் கூலியாட்கள். மேலே போன பிறகு அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்ததில் தமிழ் ஆயாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடு கட்டியவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சுமந்தவர்கள், வளர்த்தவர்கள் பெயர் எதுவும் இல்லை.

சரி, மலை ஏறியதால் குழந்தைகள் பிழைத்தார்களா? காய்ச்சல் விஷயத்தில், ஆம். ஆனால் ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்போதைய நம்பிக்கை, கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் அந்தக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து முடிவது கஷ்டம். கணக்கில் விடை சரி, போட்ட வழி தப்பு என்று வாத்தியார் சொல்வாரே, அது மாதிரி!

1901-இல் இங்கே மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். முதல் தலைமை ஆசிரியை மார்கரெட் எட்டி. அப்பா அம்மா கீழே ஏதோ ஓர் ஊரில் வேலையில் இருப்பார்கள், பிள்ளைகள் மேலே விடுதியில் இருப்பார்கள். கைக்குழந்தையைக் காப்பாற்ற ஆரம்பித்த ஊர், பள்ளிப் பிள்ளைகளையும் வளர்க்கிற ஊராக மாறியது.

இந்த வழியில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. டோலிக்குக் காசு வேண்டும், மேலே வீடு வேண்டும். காலராவில் செத்த மதுரைக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அது முடியும்?

கீழே இருந்த வீடுகளில்

அப்படியானால் கீழே இருந்த நம் குழந்தைகளை யாருமே கவனிக்கவில்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. பாட்டிகள் இருந்தார்கள், மருத்துவச்சிகள் இருந்தார்கள். சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்ற தனிப் பிரிவு உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உரை மருந்துக்கு ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு இருக்கும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் கூடாது, திட்டவும் கூடாது. பி.காம் படிக்கிறவனுக்குத் தெரிந்த முறையில் வரவு, செலவு என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கலாம்.

வரவுப் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது பாலாடை. சங்கு மாதிரி மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணம் நம் பாட்டி வீட்டில் இருந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்து சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கு, தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுவதை இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் இன்று நர்ஸுகளுக்குப் பயிற்சியாகவே சொல்லித் தருகின்றன. புட்டியை விடச் சுத்தம் செய்வது சுலபம், கிருமி தங்க இடம் குறைவு. பாட்டி வீட்டுப் பாத்திரம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

செலவுப் பக்கமும் கனமானது. சீம்பாலைக் கெட்ட பால் என்று கறந்து கொட்டியது, அதற்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டது. எல்லாவற்றையும் விட மோசம், வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரை நிறுத்தியது. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றிப்போவதுதான். அப்போது தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும்?

இதற்கு விடை வர 1971 வரை ஆனது. வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லைப்புற அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்து, கூட இருந்த உறவினர்களையே டம்ளரில் புகட்டச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. சர்க்கரையோடு சேர்ந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்போடு தண்ணீரும் உள்ளே போகும் என்பதுதான் இதன் சூட்சுமம். இன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாகக் கிடைப்பது இதுதான். 1840-களில் மதுரையில் காலராவில் போன குழந்தைகளில் பலரை ஒரு பானைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து புகட்ட ஓர் ஆள், இவ்வளவும் இருந்தால் காப்பாற்றியிருக்கலாம். மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை.

"புகட்ட ஓர் ஆள்" என்றேனே, நர்ஸிங் என்பது அடிப்படையில் அதுதான்.

இரண்டாம் வழி: ஆள் தேடிப் போவது

லண்டனில் சார்லஸ் வெஸ்ட் என்ற டாக்டர் கிரேட் ஆர்மண்ட் தெருவில் குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை திறந்தது 1852-இல். வெறும் 10 படுக்கைகள். நோயுற்ற குழந்தையைப் பராமரிப்பது எப்படி என்று 1854-இல் அவர் ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார். சென்னையில் பொது மருத்துவமனையில் 1871-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. ஆனால் மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களுக்குத்தான் இதெல்லாம்.

இங்கேதான் ஐடா ஸ்கடர் வருகிறார். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த மிஷனரி வீட்டுப் பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களின் வீட்டார் அடுத்தடுத்து வந்து உதவி கேட்டார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனாலும் ஆண் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

பலர் கவனிக்காத விஷயம் வேறு. வேலூரில் மருத்துவக் கல்வி ஆரம்பமானது 1918-இல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1909-இல், டெலியா ஹௌட்டன் என்ற நர்ஸோடு சேர்ந்து அங்கே நர்ஸிங் பள்ளியை ஐடா தொடங்கிவிட்டார். டாக்டரை உருவாக்கும் முன் நர்ஸை உருவாக்கினார்! அதே வருடம் அவருக்கு ஒரு பியூஜோ கார் கிடைத்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அங்கே காத்திருப்பவர்களுக்கு மருந்து கொடுப்பார். நோயாளி வர முடியாவிட்டால் நாம் போவோம் என்பதுதான் அந்தச் சாலையோர வைத்தியம். 1946-இல் வேலூரில் நர்ஸிங் பட்டப்படிப்பும் வந்தது. இத்தனையும் செய்த ஐடா கடைசிக் காலத்தைக் கழித்தது நம்ம கொடைக்கானலில்தான். 1960 மே மாதம் அங்கே உள்ள தன் வீட்டில் காலமானார்.

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக்கு வந்தால் சின்னாளப்பட்டி. டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், சிறுவயதிலேயே திருமணமாகி, டாக்டரான கணவரை இளவயதில் இழந்தவர். அதன் பிறகு டெல்லி போய் மருத்துவம் படித்து, 1940-இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். இருவரும் சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். இரண்டே படுக்கையோடு தொடங்கிய பிரசவ விடுதி பிறகு கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. டாக்டர் உட்கார்ந்த இடத்தில் ஊசி போட்டால் போதாது, கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம்.

எடை போட்ட நோட்டு

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதற்குப் பிறகு வருவது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழக அரசு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் சோதனை மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். (அப்போது கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985-இல்.)

திட்டம் ரொம்ப எளிமை. உள்ளூர்ப் பெண் ஒருவர் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பார். புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தால் சரி. ஏறாமல் நின்றுவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு, அம்மாவுக்கு ஆலோசனை, தேவைப்பட்டால் நர்ஸ் கவனிப்பு.

கம்பெனிக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வருட பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் நிறுவனம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும், மாதக் கணக்கை வரிசையாகப் பார்த்தால்தான் சரிவு பிடிபடும். குழந்தையும் அப்படித்தான். மெலிந்து கண்ணுக்குத் தெரியும்போது பல வாரங்கள் போயிருக்கும். எடை அட்டை அதற்கு முன்பே சொல்லிவிடும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதற்குப் பதில், சரிகிற குழந்தையைப் பிடித்துச் செலவு செய்தார்கள்.

அதே காலகட்டத்தில் கிராம சுகாதார நர்ஸ் முறையும் ஊன்றிக்கொண்டது. ஊரில் நாம் "நர்ஸம்மா" என்று கூப்பிடுவோமே, அவர்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்வது, பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வந்து தொப்புள்கொடியைப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் அவர் வேலை. 1981-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 91 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 13. அந்த ஆண்டு இந்திய அளவில் 28. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பெண்கல்வி, ரோடு, சத்துணவு, மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் சேர்த்துத்தான். ஆனால் நர்ஸம்மாவின் நடையைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது.

அம்மா பக்கத்தில் இருக்கலாமா?

ஒரு சின்ன ஒப்பீடு. பிரிட்டனில் 1950-கள் வரை பல மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்தால் அம்மா கூட இருக்க முடியாது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பார்க்கலாம். அம்மாவைப் பார்த்தால் குழந்தை அழுமாம்! 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் படம் எடுத்துக் காட்டினார். குழந்தை அமைதியாக இருப்பது சமாதானம் அல்ல, மனம் விட்டுப்போனது என்று அந்தப் படம் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தை என்றால் அம்மாவும் கூடத் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

நம்ம ஊர் அரசு மருத்துவமனையில் இந்தப் பிரச்சினையே வரவில்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அம்மா, வாசலில் பாட்டி, கையில் ஃபிளாஸ்க்கோடு அப்பா. இதற்குக் காரணம் உளவியல் ஞானம் இல்லை, நர்ஸ் பற்றாக்குறை. ஆனாலும் பலன் குழந்தைக்குக் கிடைத்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் மார்போடு தோல் படும்படி அணைத்துக் கட்டிவைத்தார் டாக்டர் எட்கர் ரே. அதுதான் இன்று உலகம் முழுக்கச் சொல்லித் தரப்படும் கங்காரு பராமரிப்பு. அங்கேயும் தட்டுப்பாடுதான் வழி காட்டியது.

மறுபடியும் மலைக்கு

இப்போது கொடைக்கானலுக்குத் திரும்புவோம். வெளியிலிருந்து வந்த குழந்தைகளுக்கு மருந்தாக இருந்த அதே குளிர், மலையிலேயே பிறக்கிற குழந்தைக்கு ஆபத்து. பிறந்த குழந்தையின் உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். சன்னிசைடு மாதிரி வீட்டில் இருப்பவர்களால் கணப்பும் கம்பளியும் வைத்துக் குளிரைச் சமாளிக்க முடியும். தகரக் கூரைக்கும் மண் சுவருக்கும் அது முடியாது. சூட்டுக்காக உள்ளேயே விறகு எரித்தால் புகை, புகையால் சளி, நிமோனியா. கங்காரு முறையைக் கற்றுத்தர நர்ஸ் வீட்டுக்கே வருவது இங்கேதான் அதிகம் தேவை.

வர முடிகிறதா? அரசு விதிப்படி சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3000 பேருக்கு ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமவெளியில் 5000 பேர் இரண்டு மூன்று ஊர்களில் இருப்பார்கள், ஸ்கூட்டியில் சுற்றிவிடலாம். பழனி மலையில் 3000 பேர் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக, பளியர் குடியிருப்பும் தோட்டத் தொழிலாளர் வீடுமாகச் சிதறிக் கிடப்பார்கள். தலையை எண்ணி ஆள் போடுகிறோம், நடக்க எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதில்லை.

பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் ஏறும் பழைய பாதையில் வெள்ளகவி என்று ஒரு கிராமம் இருக்கிறது. மோட்டார் ரோடு வரும் முன் மலைக்குப் போனவர்கள் நடந்த தடம் அது. ஆங்கிலேயர் காலத்து மோட்டார் ரோடு வேறு பக்கமாகப் போய்விட்டது. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் அந்த ஊர்க்காரர்கள் டோலி கட்டித் தூக்கிப் போகும் செய்தியும் படமும் 2000-க்குப் பிறகும் பல வருடங்கள் பத்திரிகைகளில் வந்தபடி இருந்தன. 1845-இல் அமெரிக்கக் குழந்தைகள் டோலியில் மேலே போனார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அந்த மலைக்காரர்களின் குழந்தைக்கு அதே டோலி!

கைக்குழந்தையோடு கவனிப்பு முடிந்துவிடுவதும் இல்லை. பிறப்பு முதல் 18 வயது வரை உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013-இல் நாடு முழுக்க வந்தது. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தருவதைத் தமிழ்நாடு 2011-இல் அறிவித்தது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் இவை பெரும்பாலும் பள்ளி, அங்கன்வாடி வழியாகப் போகின்றன. ஆறாவதோடு நின்றுவிட்டுக் காபித் தோட்டத்துக்கோ பூண்டு வயலுக்கோ போகிற பெண்ணை அங்கே பிடிக்க முடியாது. அவளையும் வீட்டில் போய்ப் பார்க்கக் கூடியவர் நர்ஸம்மா மட்டுமே.

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். மலைப்பகுதியில் செவிலியர் பணியிடத்தை மக்கள்தொகையால் மட்டும் கணக்கிடாமல், நடைதூரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தனியாகக் காட்டில் நடக்கிற அந்தப் பெண்ணுக்குத் தங்க வீடும், கூட வர ஓர் உள்ளூர் ஆளும் கொடுக்க வேண்டும். செலவு கூடும் என்பார்கள், கூடத்தான் செய்யும். கொட்டாம்பட்டியில் சரிகிற குழந்தைக்குத்தான் முதலில் செலவு செய்தார்கள். அதே கணக்கை இங்கே ஊருக்குப் போட்டுப் பார்த்தால், முதலில் வர வேண்டியவை பழனி மலையின் கடைசிக் குடியிருப்புகள்தான்.

அடுத்த முறை கொடைக்கானல் போனால் ஏரியைச் சுற்றிவிட்டு அப்படியே பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் போய் வாருங்கள். வழியில் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நர்ஸம்மா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தால், உங்கள் வண்டியில் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கேயோ ஒரு குழந்தை அவருக்காகக் காத்திருக்கும்.